நானூறு குருசாடோ

தாமிரபரணி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் இருக்கிறது புன்னைக்காயல். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றின் போக்கிலேயே கிழக்கே இறங்கினால் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து அங்கே போய்ச் சேரலாம். 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ அந்த ஊரில்தான் அச்சானது என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். கிறித்தவப் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம். அறுநூறு பக்கத்துக்கு மேல் போகிறது. திருக்குறள் முதன்முதலாக அச்சைக் கண்டது 1812இல். அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் முன்பே தமிழ் எழுத்தை உலோகத்தில் வார்த்து, ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, இத்தனை பெரிய புத்தகத்தை நம் ஆற்றின் கடைக்கோடியில் அடித்து முடித்திருக்கிறார்கள். இன்று அதன் அறியப்பட்ட படிகள் இரண்டு. ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது, மற்றது கோபன்ஹேகன் அரச நூலகத்தில். பொதிகையிலிருந்து கடல்வரை இந்த ஆற்றங்கரையில் ஒரு படிகூட இல்லை.

பழைய அச்சுப் புத்தகங்களை ஆராய்கிறவர்கள் ஐரோப்பாவில் ஒரு வேலையை மிகுந்த பொறுமையோடு செய்துவருகிறார்கள். ஒரு நூலின் எல்லாப் படிகளையும் உலகம் முழுக்கத் தேடிப்போய், ஒவ்வொன்றும் யார் யார் கையில் இருந்தது என்று பட்டியல் போடுகிறார்கள். முகப்பில் எழுதிய பெயர், அட்டையின் உட்புறம் ஒட்டிய சின்னம், ஓரக்குறிப்பின் கையெழுத்து, கட்டுமானத்தின் தோல் எல்லாம் அவர்களுக்குச் சாட்சி. ஆந்திரேயாஸ் வெசாலியஸ் 1543இல் பாசலில் வெளியிட்ட மனித உடற்கூற்று நூலை எடுத்துக்கொள்ளலாம். மறுமலர்ச்சிக் காலத்தின் படப் புத்தகங்களில் அதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. அதன் 1543, 1555 பதிப்புகளில் எஞ்சிய எழுநூறுக்கும் மேற்பட்ட படிகளின் உடைமை வரலாற்றை மூன்று ஆய்வாளர்கள் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். எந்த மருத்துவர் எந்தப் பக்கத்தில் கோடு போட்டார், எந்த மடத்தில் எந்தப் படத்தை அழித்தார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவருகிறது.

வெசாலியஸின் புத்தகம் பாசலில் அச்சான அதே ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் நம்முடைய முத்துக்குளித்துறையில் இருந்தார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று மணலில் நடந்து, சிறுவர்களைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை உரக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் செபங்கள்தான் பிறகு திருத்தப்பட்டு, விரிந்து, அச்சுக்குப் போயின. அப்படி அச்சான புத்தகங்களின் உடைமை வரலாற்றையும் வெசாலியஸுக்குச் செய்த அளவு கவனத்தோடு எழுத வேண்டும் என்பது என் ஆசை. எழுநூறு படி இல்லை என்பதால் அந்த வேலை சின்னதாகிவிடாது.

முதலில் புத்தகங்களைப் பார்த்துவிடுவோம். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மண்ணில் ஓர் இந்திய மொழியின் எழுத்தில் அச்சாகி நம் கைக்குக் கிடைத்திருக்கும் புத்தகங்களில் மூத்தது இது. முகப்பில் ஒரு மரச்செதுக்குச் சமயச் சித்திரம். எழுத்துகளைப் பார்த்தால் மெய்க்குப் புள்ளி கிடையாது. இன்றைய வாசகர் தடுமாறுவார். ஆனால் அன்றைக்கு ஏடு படித்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஓலையிலும் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும். அச்சு வந்தபோது அது ஏட்டின் வழக்கத்தையே பின்பற்றியிருக்கிறது. தாள் சீனத்திலிருந்து வந்தது.

கடைசிப் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே தமிழ் எழுத்துகளை வரிசையாக இரண்டு முறை அடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு வரிசை 1577இல் கோவாவில் ஜொவாவ் கொன்சால்வஸ் செய்த எழுத்து. இன்னொன்று 1578இல் கொல்லத்தில் ஜொவாவ் தெ பாரியா செய்தது. கோவா எழுத்து திருப்தியாக அமையாததால் கொல்லத்தில் புதிதாக வார்த்தார்கள். மாற்றிவிட்டோமே என்று பழையதை மறைக்கவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கைவினைஞர் தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்கிற அந்த நேர்மையை அந்த ஒரு பக்கத்தில் காணலாம்.

அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சானது. மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம் அது, கேள்வியும் பதிலுமாகப் போகும். பிறகுதான் பெரிய புத்தகம், ‘அடியார் வரலாறு’. ஐரோப்பாவில் இந்த வகை நூலுக்கு ‘ப்ளோஸ் சாங்தோரும்’ என்று பெயர். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் வீட்டில் வைத்துப் படித்தார்கள். 1513இல் லிஸ்பனில் வந்த பதிப்பு மரச்செதுக்குப் படங்களோடு வந்தது. 1521இல் போரில் கால் முறிந்து லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார், படிக்க வேறு புத்தகம் கிடைக்காமல் புனிதர் வரலாற்றைப் படித்து மனம் மாறினார் என்பது சேசு சபையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் சபையைத் தோற்றுவித்தவரை மாற்றிய வகையைச் சேர்ந்த புத்தகம், அறுபத்தைந்து ஆண்டில் தமிழாகி முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டது.

தமிழாக்கியவர் என்ரிக்கே என்ரிக்கஸ். அண்டிறிக் பாதிரியார் என்று நம் கரையில் அழைக்கப்பட்டவர். ‘தம்பிரான் வணக்க’த்தில் மனுவேல் தெ சான் பெத்ரோ என்ற இன்னொரு பாதிரியாரும் கூட இருந்தார். என்ரிக்கஸ் 1520இல் போர்த்துக்கலின் வில்லா விசோசாவில் பிறந்தவர். யூத வழி வந்த குடும்பம் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. சேசு சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1593இல் அதே சபையும் யூத வழியினருக்குக் கதவைச் சாத்தியது. அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, புன்னைக்காயலில்தான் இருந்தார். 1600இல் இறந்தபோது தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்தக் கரையை விட்டுப் போக அவர் விரும்பவில்லை. பேசும் தமிழைக் காதால் கேட்டுக் கேட்டு ஓர் இலக்கணமும் எழுதினார், அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

இனி உடைமையாளர்கள். ‘தம்பிரான் வணக்க’த்தின் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ஷுர்ஹாம்மரும் ஜி. டபிள்யூ. காட்ரெலும் 1952இல் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’வின் படி லிஸ்பனின் பெலேம் பகுதியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அது தமிழை ரோமன் எழுத்தில் கறுப்பும் சிவப்புமாக அச்சிட்ட புத்தகம். அதை ஆக்கிய மூன்று இந்தியர்களின் பெயர்கள் வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தொமே த க்ரூஸ் என்று பதிவாகியிருக்கின்றன. அவர்கள் அம்மா அப்பா வைத்த தமிழ்ப் பெயர் அதில் ஏறவில்லை.

இந்த வரிசையில் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறவர் ஜோசப் ஸ்காலிகர். உலக நாகரிகங்களின் காலக்கணக்கை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தவர், ஐரோப்பாவின் பெரிய படிப்பாளி. தொடக்ககாலத் தமிழ் மறைக்கல்விப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்ததைப் பற்றி கிரகாம் ஷா 1981இல் ‘தி லைப்ரரி’ என்ற ஆய்விதழில் கட்டுரை எழுதினார். ஸ்காலிகர் சீர்திருத்த சபைக்காரர். சேசு சபையாரோடு மல்லுக்கட்டியவர். அவர்கள் அடித்த புத்தகத்தை அவர் எதற்கு வைத்திருந்தார்? எழுத்துக்காக. எபிரேயம், அரபு, சீரியம், எத்தியோப்பியம் என்று உலகத்தின் எழுத்துகளையெல்லாம் சேர்த்துவந்தவர் அவர். அந்த வரிசையில் தமிழும் வந்து நின்றிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர், கொள்கையில் எதிரியான ஒருவர், தமிழ்ப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். 1609இல் லைடனில் அவர் இறந்தார். அடுத்த அரைநூற்றாண்டில், 1658இல், ஒல்லாந்தர் வந்து தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர்களோடு புத்தகங்களும் சிதறின.

புத்தகம் யாருக்காக அச்சானதோ அவர்களிடம் ஏன் ஒன்றுகூட மிஞ்சவில்லை? உப்புக்காற்று, கரையான், மழையில் ஒழுகும் கூரை, படையெடுப்பு எல்லாம் காரணம்தான். 1553இல் புன்னைக்காயல் கோட்டை விழுந்து என்ரிக்கஸே சிறைப்பட்டார். 1560இல் மதுரை நாயக்கரின் படை வந்தது. அப்படிப்பட்ட கரையில் தாள் நிலைப்பது கஷ்டம். ஆனால் இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். இவை படிக்கப்பட்ட புத்தகங்கள். பதினாறு பக்கச் சிறுபுத்தகம் கணக்கப்பிள்ளையின் கையில் தினமும் விரியும். கணக்கப்பிள்ளை என்று அன்றைக்கு அழைத்தது உபதேசியாரை. காலையில் பிள்ளைகள் கூடுவார்கள், அவர் ஒரு வரி சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சாவு வீட்டில், ஞானஸ்நானத்தில், பாதிரியார் வராத ஞாயிற்றுக்கிழமையில் அதே புத்தகம். வேர்வைக் கையும் ஈரக் காற்றும் பட்டுப் பட்டு ஒரு தலைமுறைக்குள் அது நைந்துபோயிருக்கும். அதற்குள் ஊரே அதை மனப்பாடம் செய்துவிட்டிருக்கும். ஐரோப்பிய நூலகங்களில் மிஞ்சிய படிகள் யாரும் படிக்காததால் மிஞ்சியவை. வைத்துக் காத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் படித்துத் தேய்த்தவர்களும் உடைமையாளர்கள்தான் என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

படித்தவர்கள் என்பதற்கும் மேலே ஓர் உரிமை அவர்களுக்கு உண்டு. பணம் கொடுத்தவர்கள் அவர்கள். தமிழ் அச்சுக்காக இந்தக் கரையில் முத்துக்குளித்து வாழ்ந்த பரதவர்கள் 400 குருசாடோ கொடுத்தார்கள். குருசாடோ என்பது சிலுவை பொறித்த போர்த்துக்கீசிய நாணயம். இந்தப் பணம் கோவாவிலிருந்து வந்ததில்லை, லிஸ்பன் அரசரின் கஜானாவிலிருந்தும் வந்ததில்லை. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்ற ஏழு கடல்துறைகளின் முத்துச் சலாபத்திலிருந்து வந்தது. சலாபம் என்றால் சும்மா இல்லை. இடுப்பில் கயிறு, காலில் கல், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளி வர வேண்டும். சுறா பயம் வேறு. அதில் அரசருக்குப் பங்கு, கோட்டைக் காப்பானுக்குப் பங்கு, வணிகனுக்குப் பங்கு போகக் கையில் நிற்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் புன்னைக்காயலில் என்ரிக்கஸ் தொடங்கிய மருத்துவமனைக்கும் கொடுத்தார்கள், அச்சுக்கும் கொடுத்தார்கள்.

அச்சுப் புத்தகம் என்றால் என்னவென்று கண்ணால் கண்டிராத பலர் அதற்குப் பணம் தந்திருக்கிறார்கள். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கூடிப் பேசி முடிவெடுத்திருப்பார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் போட்டிருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன். இன்றும் கோயில் திருவிழாவுக்கு அப்படித்தான் வரி போடுகிறார்கள். மறுமலர்ச்சி ஐரோப்பாவில் ஒரு புத்தகத்துக்கு மன்னரோ பிரபுவோ பணம் கொடுத்தால் முகப்பில் அவர் பெயரும் குலச்சின்னமும் வரும், காணிக்கை உரை வரும். ஆனால் இந்தப் புத்தகங்களைப் பற்றிய நூலகப் பட்டியல்கள், கண்காட்சிக் குறிப்புகள் பெரும்பாலும் என்ரிக்கஸைச் சொல்கின்றன, எழுத்து வார்த்தவரைச் சொல்கின்றன, இப்போது வைத்திருக்கும் நூலகத்தைச் சொல்கின்றன. பரதவர் என்ற சொல் வருவது அபூர்வம். வந்தாலும் மதம் மாறியவர்கள் என்றுதான் வரும், புரவலர்கள் என்று வராது. இதை நான் சின்ன விடுபடலாக எடுத்துக்கொள்ளவில்லை. உடைமை வரலாறு எழுதுகிறவர் முதல் வரியில் எழுத வேண்டியது இதைத்தான்.

புத்தகம் திரும்பி வந்த கதையிலும் நம் வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. சேவியர் தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்காரர், ரோமில் படித்தவர். தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகி வடக்கன்குளத்துப் பள்ளியில் வேலை பார்த்த 1940களின் தொடக்கத்தில்தான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். வடக்கன்குளத்தில் தமிழ் படித்தவர் பிறகு உலகத்துக்குத் தமிழ் பற்றிச் சொன்னார். 1954இல் வத்திக்கான் நூலகத்தில் ‘அடியார் வரலா’ற்றின் படியைக் கண்டவர் அவர். லிஸ்பன் ‘கார்த்தில்யா’வையும் தமிழுலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் ஏடுகளையும் அச்சுகளையும் தேடித் தேடி அவர் நடந்த நடையில் ஒரு தனிமனிதரின் உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்கலாம்.

அவர் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ் இலக்கியக் கழகம்தான் ‘தம்பிரான் வணக்க’த்தையும் ‘கிரிசித்தியானி வணக்க’த்தையும் 1963இல் மீண்டும் வெளியிட்டது. 1967இல் ‘அடியார் வரலாறு’ம் வந்தது. பதிப்பித்தவர் ச. இராசமாணிக்கம், சேசு சபைக் குரு, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரிக்காரர். முந்நூற்றெண்பது ஆண்டு கழித்துப் புத்தகம் அதே ஆற்றின் வட்டாரத்தில், முத்துக்குளித்துறையின் தலைநகரில் மறுபடி அச்சேறியது. வத்திக்கான் படியின் புகைப்படத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, புள்ளி இல்லாத எழுத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்த அந்த உழைப்புக்கு நம்மூர்ப் பட்டமளிப்பு விழா எதிலாவது ஒரு வாழ்த்துரை சொல்லியிருந்தால் மகிழ்ச்சி.

என்னிடம் இருக்கும் 1967 பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. முன்பு வைத்திருந்தவர் உபதேசியாராகவோ கோயில்பிள்ளையாகவோ இருக்க வேண்டும். சில அடியார்களின் வரலாற்றுக்குப் பக்கத்தில் அந்தந்தத் திருநாளின் தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். நீளமான வாக்கியங்களை எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்று சாய்கோடு போட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்காகப் படித்தவர் அப்படிக் கோடு போடமாட்டார். உரக்க வாசிக்கிறவர்தான் போடுவார். நூற்றாண்டுக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த புத்தகம் மறுபடி ஒரு கோயில் முற்றத்தில் சத்தமாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சாய்கோடுகளே அத்தாட்சி. வெசாலியஸின் படிகளைத் தேடிப்போன ஆய்வாளர்கள் ஓரக்குறிப்புக்குக் கொடுத்த மரியாதையை நான் இந்தப் பென்சில் கோட்டுக்குக் கொடுக்கிறேன்.

படிக்கும்போது ஒன்று புரியும். இது புலவர் தமிழ் இல்லை. கரையில் பேசிய தமிழ், கேட்டு எழுதிய தமிழ். போர்த்துக்கீசியச் சொல்லும் வடசொல்லும் மேற்குக் கரையின் வாடையும் கலந்து வருகிறது. பதினாறாம் நூற்றாண்டில் கடலோர மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இத்தனை பக்கத்துக்குத் தொடர்ச்சியான உரைநடைச் சான்று வேறு கிடைப்பது கடினம். தமிழ் உரைநடை வரலாற்றை வீரமாமுனிவரிலிருந்தும் அதற்குப் பிறகும் தொடங்குகிற பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப்போவது பெரிய இழப்பு. சமயம் சார்ந்தது என்பதற்காக ஒதுக்கினால் தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் எங்கே வைப்பது?

செய்ய வேண்டியவை கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1967 பதிப்பு இன்று எளிதில் கிடைப்பதில்லை. மூலத்தின் பக்கங்களை நிழற்படமாகவும் எதிர்ப்பக்கத்தில் புள்ளியிட்ட பாடமாகவும் தரும் புதிய பதிப்பு வேண்டும். அதன் முன்பக்கத்தில் 400 குருசாடோவும் ஏழு துறைகளின் பெயரும் வர வேண்டும். ஹார்வர்டும் வத்திக்கானும் கோபன்ஹேகனும் தங்கள் பட்டியலில் உடைமை வரலாறு என்ற இடத்தில் அச்சுக்குப் பணம் கொடுத்த சமூகத்தைப் பதிவுசெய்யும்படி நம் பல்கலைக்கழகங்கள் எழுதிக் கேட்கலாம். ஏழு துறைக் கோயில்களிலும் ஒவ்வொரு படி இருக்க வேண்டும், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல், எடுத்துப் படிக்கிற மாதிரி.

இன்னொரு வேலைக்குக் காலம் குறைவு. ‘அடியார் வரலா’ற்றின் சொற்களில் எவையெல்லாம் இன்னும் கரையில் புழங்குகின்றன என்று யாராவது ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய செபங்களை அப்படியே சொல்லக்கூடிய ஆத்தாமார் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் வேம்பாற்றிலும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, எந்தச் சொல் அவர்களுடையது என்று அவர்களையே சொல்லச்சொல்லி எழுதிக்கொள்ளும் வேலையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.